அக்குள் பிளாக்: தமனிக்கு அடியில் தெரியும் வெள்ளைத் திட்டு ரேடியல் நரம்புதானா?

இளந்தளிர்

எல்லோருக்கும் வணக்கம். மயக்கவியல் முதுநிலைப் படிப்பில் இருக்கிறேன். கை, முன்கை அறுவை சிகிச்சைகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஆக்ஸிலரி பிளாக் (அக்குளில் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்திக் கையை மரக்கச் செய்வது) போடக் கற்றுக்கொண்டு வருகிறேன். அங்கே பிடிக்க வேண்டிய நான்கு நரம்புகளில் மீடியன், அல்னார் இரண்டும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு பைசெப்ஸ், கோரகோபிரேக்கியாலிஸ் தசைகளுக்கு நடுவில் பளிச்சென்று தெரிவதால் அதிலும் பெரிய சிக்கல் இல்லை. குழப்பமெல்லாம் ரேடியலில்தான்.

படத்தில் பைசெப்ஸ் இடப்பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்க்கிறேன். தமனிக்கு அடியில், ஐந்து அல்லது ஆறு மணி நிலையில், ஒரு வெள்ளைத் திட்டு ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் தெரிகிறது. சிலரிடம் அது அச்சு அசல் நரம்பு போலவே இருக்கிறது. ஆனால் மருந்தைச் செலுத்தும்போது அதைச் சுற்றி வளையமாகப் பரவுவதில்லை. அது நரம்பா இல்லையா என்பதை ஊசியை உள்ளே விடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

இன்னொரு கேள்வியும் உண்டு. அல்ட்ராசவுண்ட் கையில் இருக்கும்போது நர்வ் ஸ்டிமுலேட்டரையும் (ஊசி வழியே மின்சாரம் கொடுத்து, எந்தத் தசை அசைகிறது என்று பார்த்து நரம்பைக் கண்டறியும் கருவி) கற்றுக்கொள்ள வேண்டுமா? எங்கள் ஆசிரியர்களிடையே இதில் ஒத்த கருத்து இல்லை.

அலைவரிசை

நீங்கள் சொல்லும் திட்டு பல நேரங்களில் நரம்பே இல்லை, டாக்டர். தசை ஒலியை உறிஞ்சும் அளவுக்கு ரத்தம் உறிஞ்சாது. அதனால் தமனியைக் கடந்து கீழே போகும் ஒலி அக்கம்பக்கத்து ஒலியைவிட வலுவாக இருக்கும். இயந்திரத்துக்கு இது தெரியாது. அந்த இடத்தை வெளிச்சமாகக் காட்டிவிடும். எந்தப் பெரிய ரத்தக்குழாயின் அடியிலும் இந்த வெளிச்சம் வரும்.

கண்டுபிடிக்க ஒரே ஒரு காரியம் போதும். புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் முனையை) அக்குளிலிருந்து முழங்கைப் பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சம் தமனி போகும் இடமெல்லாம் அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டு போகும். ரேடியல் நரம்பு அப்படிப் போகாது. அக்குளைத் தாண்டியதும் புரொஃபண்டா பிரேக்கியை தமனியோடு சேர்ந்து பின்பக்கம் இறங்கி, ட்ரைசெப்ஸின் தலைகளுக்கு இடையே புகுந்து, மேற்கை எலும்பைச் சுற்றப் போய்விடும். தமனியை விட்டுப் பிரிந்து போனால் நரம்பு. பிரியாமல் நின்றால் வெறும் வெளிச்சம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அக்குளின் மேல்பகுதியில், தமனிக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு சரிந்து ஓடும். அது லாட்டிசிமஸ் டோர்சை, டெரெஸ் மேஜர் தசைகளின் தசைநாண். ரேடியல் நரம்பு அந்தக் கோட்டின் மேல், தமனிக்கும் அதற்கும் நடுவில் படுத்திருக்கும். கோடு தெரியாத இடத்தில் புரோபை வைத்துக்கொண்டு ரேடியலைத் தேடினால் கஷ்டம்தான். கோடு தெரியும்வரை மேலே ஏறுங்கள், அப்புறம் தேடுங்கள்.

அப்போதும் கிடைக்கவில்லையா? கீழிருந்து மேலே வாருங்கள். முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம், பிரேக்கியாலிஸ், பிரேக்கியோரேடியாலிஸ் தசைகளுக்கு நடுவில் ரேடியல் தெளிவாகத் தெரியும். அங்கே பிடித்து, எலும்பைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறினால் அக்குளில் அது எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

இளந்தளிர்

மிக்க நன்றி. நகர்த்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே இடத்தில் புரோபை வைத்து, பாடப்புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மீடியனையும் அல்னாரையும்கூட இப்படித்தான் உறுதிப்படுத்த வேண்டுமா?

அலைவரிசை

ஆமாம், எல்லா நரம்பையும். நிறுத்திவைத்த படத்தில் நரம்பைக் கண்டுபிடிப்பது என்பதே தவறான பழக்கம் என்று நான் நினைக்கிறேன். ஒரு குறுக்குவெட்டில் நரம்பு, தசைநாண், நிணநீர்க் கணு, அழுத்தத்தில் மூடிக்கிடக்கும் சிரை எல்லாம் ஒரே மாதிரி ஏமாற்றும். ஆனால் ஒவ்வொன்றும் போகும் பாதை வேறு. நரம்பு தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். தசைநாண் கொஞ்ச தூரத்தில் தசைக்குள் கரைந்துவிடும். நிணநீர்க் கணு இரண்டு பக்கமும் முடிந்துவிடும். சிரை, அழுத்தத்தைத் தளர்த்தினால் விரிந்துவிடும்.

மீடியன் தமனியை விடாது. மேற்கையின் நடுப்பகுதியில் தமனியின் முன்பக்கமாகக் குறுக்கே கடந்து, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் மாறி, முழங்கை மடிப்புவரை கூடவே வரும். அல்னார் அப்படியல்ல. மேலோட்டமாகவே ஓடி, தமனியை விட்டு மெல்ல மெல்ல விலகி, உள்பக்க எலும்பு முட்டின் பின்னால் போய்ச் சேரும். மஸ்குலோகியூட்டேனியஸ் இன்னும் வேடிக்கை: போகப்போக வடிவம் மாறும். ஓரிடத்தில் வட்டம், அடுத்த இடத்தில் தட்டை, அதற்கடுத்து முக்கோணம்.

அக்குளில் புரோபை அழுத்திப் பிடித்தால் சிரைகள் எல்லாம் மூடி மறைந்துவிடும். சிரையே இல்லை என்று நினைத்து ஊசியை அதன் வழியே விட்டால், மருந்து நேராக ரத்தத்தில் போகும். ஊசி போகும் வழியை முடிவு செய்யும் முன் ஒருமுறையாவது அழுத்தத்தை முழுக்கத் தளர்த்தி, எத்தனை சிரைகள் விரிகின்றன என்று பாருங்கள்.

முதுமரம்

தம்பி அலைவரிசை சொன்ன அத்தனையும் சரி. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஸ்டிமுலேட்டரைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

நரம்பைத் தேடுவது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1880களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் கோக்கேனைக் கொண்டு கைக்கான நரம்புகளை மரக்கச் செய்தபோது, கழுத்தைத் திறந்து நரம்பைக் கண்ணால் பார்த்துத்தான் செய்தார். 1911இல் ஜெர்மனியில் ஹிர்ஷெல் அக்குள் வழியாகவும், குலென்காம்ஃப் காரை எலும்புக்கு மேலேயும் தோலைத் திறக்காமலே ஊசி போட்டார்கள். குலென்காம்ஃப் தன் உடலிலேயே செய்து பார்த்தவர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு எங்களுக்கு வழிகாட்டி நோயாளியின் வாய்தான். ஊசி நரம்பைத் தொட்டதும் 'விரல்வரை ஷாக் அடிக்கிறது' என்பார். எந்த விரல் என்று கேட்போம். அதை வைத்து எந்த நரம்பு என்று முடிவு செய்வோம். பாரஸ்தீசியா (அந்த ஷாக் உணர்வு) இல்லையேல் அனஸ்தீசியா (மரப்பு) இல்லை என்று மயக்கவியல் மருத்துவர் டேனியல் மூர் 1950களில் சொன்னது ஒரு தலைமுறைக்கே வேதமாக இருந்தது.

மின்சாரத்தால் நரம்பைத் தேடலாம் என்று பெர்த்தெஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1912இலேயே காட்டிவிட்டார். ஆனால் கையில் எடுத்துப்போகும் அளவுக்குச் சிறிய கருவி 1962இல், கிரீன்பிளாட், டென்சன் இருவரும் செய்த பிறகுதான் வந்தது. கருவி நமக்குக் கொடுப்பது ஒரு பெயர்: மணிக்கட்டும் விரல்களும் மேலே நிமிர்ந்தால் ரேடியல். முன்கை உள்பக்கம் புரண்டு, விரல்கள் மடங்கினால் மீடியன். கட்டைவிரல் உள்ளே ஒட்டிக்கொண்டு சுண்டுவிரல் மடங்கினால் அல்னார். முழங்கை மடங்கினால் மஸ்குலோகியூட்டேனியஸ். உங்கள் வெள்ளைத் திட்டுக்கு நேராக ஊசியை வைத்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். மணிக்கட்டு நிமிர்ந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

தொடங்கும்போது 1 மில்லி ஆம்பியர், ஒவ்வொரு மின்துடிப்பின் நீளம் 0.1 மில்லி விநாடி, நொடிக்கு 2 துடிப்பு. நரம்பை நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டே வந்து, 0.3 முதல் 0.5 மில்லி ஆம்பியரில் அசைவு இருந்தால் போதுமான அருகில் இருக்கிறோம் என்று கொள்வது வழக்கம். 0.1 மில்லி விநாடி என்று குறுகலாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் அசைவுக்கான தடித்த இழைகள் தூண்டப்படும். வலிக்கான மெல்லிய இழைகளுக்கு அது போதாது. ஊசியில் இணைப்பது எதிர்மின் முனை, தோலில் ஒட்டுவது நேர்மின் முனை. இதை மாற்றி மாட்டினால் அதே அசைவுக்குப் பல மடங்கு மின்சாரம் கேட்கும்.

அலைவரிசை

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். ஆனால் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். ஸ்டிமுலேட்டர் 'ஆம்' என்றால் நம்பலாம். 'இல்லை' என்றால் நம்ப முடியாது. பெர்லஸ் என்ற ஆய்வாளரின் குழு 2006இல் இதை நேரடியாகச் சோதித்தது. அக்குளில் ஊசி நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, நோயாளிக்கு ஷாக் உணர்வு வருகிறதா, 0.5 மில்லி ஆம்பியருக்குள் தசை அசைகிறதா என்று பார்த்தார்கள். தசை அசைவு ஏறக்குறைய 75 சதவீதத்தில்தான் வந்தது. ஷாக் உணர்வு 38 சதவீதத்தில். அதாவது ஊசி நரம்பைத் தொட்டபடியே நிற்கிறது, கருவியோ நான்கில் ஒரு தடவை மௌனம். அந்த மௌனத்தை நம்பி ஊசியை இன்னும் உள்ளே தள்ளினால் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நம்மிடம் வருபவர்களில் பலர் எலும்பு முறிந்தவர்கள். முறிந்த மணிக்கட்டை நொடிக்கு இரண்டு முறை துடிக்கவைப்பது அவர்களுக்கு வேதனை. படத்தில் நரம்பு தெளிவாகத் தெரியும்போது அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதுமரம்

மறுக்கவில்லை. முறிந்த கையைத் துடிக்கவைக்க வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அதனால்தான் இப்போது நான் கருவியை வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். அல்ட்ராசவுண்டில் தேடிக் கண்டுபிடிப்பது, கருவியை 0.5 மில்லி ஆம்பியரிலோ அதற்குக் கீழேயோ வைத்துச் சும்மா ஓடவிடுவது. நரம்பைத் தேட அல்ல, எச்சரிக்கைக்காக. எதிர்பாராமல் அசைவு வந்தால் ஊசி நாம் நினைத்ததைவிட நரம்புக்கு நெருக்கம். 0.2 மில்லி ஆம்பியருக்குக் கீழேயும் அசைவு நிற்கவில்லை என்றால் முனை நரம்புக்குள்ளேயே இருக்கலாம். மருந்தைச் செலுத்தாமல் பின்னால் இழுக்க வேண்டும். இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்: அசைவு வராததால் ஊசி நரம்புக்கு வெளியே இருக்கிறது என்று ஆகிவிடாது.

அதோடு மருந்தைத் தள்ளும் கையையும் கவனியுங்கள். தொடக்க அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) தாண்டக் கூடாது. நரம்புக் கற்றைக்குள் முனை இருந்தால் மருந்து இறுகிக்கொண்டுதான் போகும். கை உணர்வை மட்டும் நம்ப வேண்டாம், அழுத்தம் காட்டும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. படம், மின்சாரம், அழுத்தம் மூன்றும் மூன்று விதமான கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒன்று இன்னொன்றின் இடத்தை நிரப்பாது.

நீலவானம்

நடுவில் ஒரு சந்தேகம். மருந்தை 1 மி.லி. செலுத்தியதும் அசைவு நின்றுபோவதை வைத்து 'சரியான இடம்' என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மருந்து நரம்பை மரக்கச் செய்வதால்தானே நிற்கிறது?

முதுமரம்

இல்லை, அவ்வளவு சீக்கிரம் மரப்பு வராது. உப்புநீரைச் செலுத்தினாலும் அசைவு நின்றுவிடும். மருந்தும் உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துபவை. ஊசி முனையில் குவிந்திருந்த மின்சாரம் அந்த நீரில் பரவி வலுவிழந்துவிடுகிறது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் அயனிகள் இல்லை. அதைச் செலுத்தினால் அசைவு நிற்காது. ஆகவே அசைவு நிற்பதை வைத்து மரப்பு தொடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊசியை நகர்த்தி அடுத்த நரம்பைக் கருவியால் தேட வேண்டும் என்றால், இடத்தை விரிக்க டெக்ஸ்ட்ரோஸ் உதவும்.

ஐவிரல்

நான் கை அறுவை மருத்துவர். திரையின் மறுபக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். எந்த நரம்பு எங்களுக்கு வேண்டும் என்று முதலிலேயே எங்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் நான்கு நரம்பும் ஒரே அளவு முக்கியம் இல்லை.

கழுத்தில் போடும் இன்டர்ஸ்கேலீன் பிளாக் தோளுக்கு அருமை. ஆனால் அதில் கைக்கான ஐந்து நரம்பு வேர்களில் கீழே இருக்கும் சி8, டி1 வேர்கள் அடிக்கடி தப்பிவிடுகின்றன; அல்னார் பக்கம் உணர்வு அப்படியே இருக்கும். சுண்டுவிரலில் வேலை என்றால் அது எனக்குப் பயன்படாது. மணிக்கட்டில் போடும் பிளாக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அல்னாரின் முதுகுப்பக்கக் கிளை மணிக்கட்டுக்குச் சுமார் 5 செ.மீ. மேலேயே பிரிந்து போய்விடும். மீடியனின் உள்ளங்கைத் தோல் கிளையும் அப்படித்தான். மணிக்கட்டில் அல்னாரைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, புறங்கையில் சுண்டுவிரல் பக்கம் கத்தி வைத்தால் நோயாளி கையை இழுத்துக்கொள்வார். அந்த நரம்பை முன்கையின் நடுவிலேயே பிடித்தால் இந்தப் பிரச்சினை வராது.

டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) பற்றியும் ஒரு வார்த்தை. முன்கையில் மட்டும் பிளாக் போட்டுவிட்டு மேற்கையில் டூர்னிக்கே கட்டினால் நோயாளியால் நீண்ட நேரம் தாங்க முடியாது. அக்குளின் உள்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் இன்டர்கோஸ்டோபிரேக்கியல் நரம்பு டி2இலிருந்து வருவது. கைக்கான நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸில் சேர்ந்ததே இல்லை. எவ்வளவு நல்ல பிளெக்சஸ் பிளாக் போட்டாலும் அது தப்பும். தோலடியில் தனியாகக் கொஞ்சம் மருந்து போட வேண்டும். ஆனாலும் டூர்னிக்கே வலி வெறும் தோல் வலி இல்லை, அழுத்தப்படும் தசையின் வலி. ஆகவே மஸ்குலோகியூட்டேனியஸையும் ரேடியலையும் முழுமையாகப் பிடிப்பதுதான் பெரிய உதவி.

மடக்கும் தசைநாணைத் தைக்கும்போது எனக்கு நேர்மாறான தேவை. நோயாளி மேஜையிலேயே விரலை மடக்கிக் காட்ட வேண்டும். தையலில் இடைவெளி விழுகிறதா, கப்பியில் (தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடித்துவைக்கும் வளையத்தில்) சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்கையும் அசையாமல் போனால் அந்த வாய்ப்பு போய்விடும். அங்கே கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரவலாக்கிய, டூர்னிக்கேயே இல்லாத, அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் முறைதான் எனக்குப் பிடித்தது. விரலில் அட்ரினலின் போட்டால் விரல் செத்துவிடும் என்று நாங்கள் படித்த காலத்தில் பயமுறுத்தினார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் பழைய, அமிலமாகிக் கெட்டுப்போன புரோகெய்ன் என்ற மரப்பு மருந்தின் காலத்து மிச்சம். தேவைப்பட்டால் ஃபென்டாலமின் போட்டு அட்ரினலின் விளைவை மாற்றலாம்.

வலதுகை

மன்னிக்கவும், நான் மருத்துவர் அல்ல. வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைக்கப்போகிறார்கள். முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரக்கவைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே படித்ததில் பாதி புரியவில்லை, மீதிப் பாதி பயமாக இருக்கிறது. ஊசியை நரம்பில் குத்துவார்களா? கை பழையபடி வருமா?

முதுமரம்

பயப்படாதீர்கள் அம்மா. ஐயாவாக இருந்தாலும் இதே பதில்தான். நரம்பில் குத்துவதில்லை. நரம்பைச் சுற்றி மருந்து பரவும்படி, அதன் பக்கத்தில் ஊசியை நிறுத்துகிறோம். நாங்கள் இங்கே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான்.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் ஐந்து வேர்களாகக் கிளம்பி, காரை எலும்பின் கீழே போய், அக்குளில் தனித்தனியாகப் பிரிகின்றன. வீட்டுக்கு வரும் மெயின் ஒயர் ஒன்று, அறைக்கு அறை பிரியும் ஒயர் வேறு. எந்த இடத்தில் நிறுத்தினால் எந்த அறை அணையும் என்று பார்த்து ஊசி போடும் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். மணிக்கட்டுக்குப் பெரும்பாலும் அக்குளிலோ காரை எலும்புக்கு மேலோ கீழோ போடுவார்கள்.

முதலில் தோலை மரக்கவைக்கச் சின்ன ஊசி. அப்புறம் ஸ்கேன் புரோபை வைத்துத் தேடுவார்கள். உங்களோடு பேசிக்கொண்டே செய்வார்கள். விரல்வரை பளீரென்று ஷாக் போல ஓடினாலோ, மருந்து போகும்போது கடுமையாக வலித்தாலோ உடனே வாய் திறந்து சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல் நாக்கு மரத்தாலோ, வாயில் உலோகச் சுவை வந்தாலோ, காதில் ரீங்காரம் கேட்டாலோ சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் கலப்பதன் முதல் அறிகுறி அது. உடனே நிறுத்தினால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். மீறிப் போனால் கொடுக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை அறையிலேயே வைத்திருப்பார்கள்.

மருந்து முழுமையாகப் பிடிக்க 15 முதல் 30 நிமிடம் ஆகும். ரோபிவகெய்ன், பியூபிவகெய்ன் போன்றவை போட்டால் மறுநாள் காலைவரைகூடக் கை கனமாக, யாருடையதோ போல இருக்கலாம். அதுவரை கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தூக்குக் கட்டுக்குள் வையுங்கள், சூடான பொருளின் அருகே கொண்டுபோகாதீர்கள், முழங்கையை எதன் மேலும் அழுத்தி வைக்காதீர்கள். வலி மாத்திரையை மரப்பு விட்ட பிறகு அல்ல, விடுவதற்கு முன்பே தொடங்குங்கள். நீண்ட காலம் நீடிக்கும் நரம்புப் பாதிப்பு அரிது, 10,000 பேரில் 2 முதல் 4 பேருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இரண்டு நாளாகியும் மரப்போ பலவீனமோ மிச்சம் இருந்தால் போட்ட மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஊசி போடுவதற்குச் சற்று முன்பு, எந்தக் கை என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பக்கம் மாறிப் போடுவதைத் தடுக்க எங்களிடம் நடைமுறை இருக்கிறது. ஆனாலும் உங்கள் குரலும் சேர்ந்தால் நல்லது.

வலதுகை

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. ஷாக் அடித்தால் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

இளந்தளிர்

அலைவரிசை சார் சொன்னபடி, முழங்கையிலிருந்து மேலே ஏறிப் பார்த்தேன். கூடப் படிப்பவரின் கையில்தான், ஊசி இல்லாமல். ரேடியல் நரம்பு தமனியைச் சேரும் இடம் நான் வழக்கமாகப் பார்க்கும் திட்டுக்கு நன்றாகவே பக்கவாட்டில் இருந்தது. புரோபைக் கொஞ்சம் சாய்த்ததும் நரம்பு காணாமல் போய், திரும்பச் சாய்த்ததும் வந்தது. இது ஏன்?

அப்புறம், பிளாக் போட்ட பிறகு ஒரு நரம்பு மட்டும் தப்பியிருந்தால் முன்கையில் போய் அதை மட்டும் தனியாகப் பிடிக்கலாமா?

அலைவரிசை

சாய்வுக்கு நரம்பு காட்டும் குணம் அது. ஒலி நேராக, 90 டிகிரியில் விழுந்தால்தான் எதிரொலி புரோபுக்குத் திரும்பி வரும். சில டிகிரி சாய்ந்தாலே எதிரொலி வேறு பக்கம் போய்விடும். தசைநாண்களுக்கு இது இன்னும் அதிகம், லேசாகச் சாய்த்தாலே கறுத்துவிடும். மணிக்கட்டுக்கு அருகில் மீடியனைச் சுற்றி அத்தனை தசைநாண்கள் இருந்தும் அதைப் பிரித்தறிய முடிவது இதனால்தான்: முன்னும் பின்னும் சாய்க்கச் சாய்க்கத் தசைநாண்கள் அணையும், மீடியன் அவ்வளவு சீக்கிரம் அணையாது. அப்படியும் சந்தேகமா, முன்கையின் நடுவுக்கு ஏறுங்கள். தசைநாண்கள் எல்லாம் தசையாகிவிட, மேல்மடக்கி, ஆழ்மடக்கித் தசைகளுக்கு நடுவே மீடியன் மட்டும் தேன்கூடு போன்ற புள்ளிகளோடு தனியாக நிற்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கழுத்தில் வேர்கள் கறுப்பு வட்டங்களாகத் தெரியும், கைக்கு வரவர வெள்ளை கலந்த தேன்கூடாக மாறும். நரம்பிழைக் கற்றைகளுக்கு நடுவே இணைப்புத் திசு கூடக்கூட வெள்ளை கூடும்.

தப்பிய நரம்பைக் கீழே பிடிப்பது நல்ல வழி. மீடியனுக்கும் அல்னாருக்கும் 3 முதல் 5 மி.லி. போதும். அல்னாரை, தமனி அதோடு வந்து சேர்வதற்கு முன், முன்கையின் மேல்பகுதியில் பிடித்தால் தமனியைக் குத்தும் பயம் இல்லை. மொத்த மருந்தளவை மட்டும் கூட்டிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதுமரம்

இதில் நான் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். 'தப்பியது' என்று நாம் சொல்லும் நரம்பு பாதி மரத்திருக்கலாம். பாதி மரத்த நரம்பை ஊசி தொட்டால் நோயாளிக்குத் தெரியாது, எச்சரிக்கவும் மாட்டார். கருவிக்கும் அசைவு சரியாக வராது. அந்த நேரத்தில் உங்களுக்கு மிஞ்சியிருப்பது கண் மட்டும். ஊசி முனை திரையில் ஒவ்வொரு நொடியும் தெரிகிறது என்றால் செய்யுங்கள். முனை தெரியவில்லை, திசு அசைவதை வைத்து ஊகிக்கிறேன் என்றால் செய்யாதீர்கள். ஐவிரல் டாக்டர் காயத்திலேயே கொஞ்சம் மருந்து போட்டுக்கொள்வார்.

ஐவிரல்

தாராளமாகப் போட்டுக்கொள்வேன். ஆனால் எந்த நரம்பு தப்பியது என்று கத்தி வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும்.

முதுமரம்

அதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. தள்ளு, இழு, கிள்ளு, கிள்ளு. முழங்கையை நீட்டித் தள்ளச் சொல்லுங்கள்: ரேடியல். மடக்கி இழுக்கச் சொல்லுங்கள்: மஸ்குலோகியூட்டேனியஸ். ஆள்காட்டி விரல் பக்கம் உள்ளங்கையில் கிள்ளுங்கள்: மீடியன். சுண்டுவிரல் பக்கம் கிள்ளுங்கள்: அல்னார். அரை நிமிடம்கூட ஆகாது. பத்து நிமிடத்தில் ஒருமுறை, இருபதில் ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள்.

நீலவானம்

எங்களிடம் டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) வைக்க வருபவர்கள் அதிகம். பெரும்பாலும் நீண்டகால நீரிழிவு. இவர்களிடம் ஸ்டிமுலேட்டருக்கு 0.5 மில்லி ஆம்பியரில் அசைவே வருவதில்லை. எங்கே போடுவது, எதை நம்புவது?

அலைவரிசை

பாதிக்கப்பட்ட நரம்புக்குக் கூடுதல் மின்சாரம் கேட்கும். 0.5க்குள் அசைவு வந்தே ஆக வேண்டும் என்று தேடிக்கொண்டே போனால் ஊசியை நரம்புக்குள் கொண்டுபோய்விடுவீர்கள். இவர்களிடம் மின்சார அளவை இலக்காக வைக்காதீர்கள், படத்தை நம்புங்கள், நரம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே மருந்தை விடுங்கள். மரப்பும் இவர்களுக்கு வழக்கத்தைவிட நேரம் நீடிக்கலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே விரல்களில் மரப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போடும் முன் குறித்தும் வையுங்கள்.

இடம் என்று கேட்டால் அக்குள்தான் என் தேர்வு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தம் உறையாத சிக்கல் இருக்கலாம். அக்குளில் கசிந்தால் கையால் அழுத்திப் பிடிக்கலாம், காரை எலும்புக்குக் கீழே அது முடியாது. நுரையீரலை மூடியிருக்கும் உறை, மூச்சுத் தசைக்கான நரம்பு இரண்டும் அங்கிருந்து தூரம். மருந்து பிடித்ததும் சிரைகள் விரிவதால், ஃபிஸ்டுலா வைக்கும் அறுவை மருத்துவரும் உங்களுக்கு நன்றி சொல்வார்.

நீலவானம்

சரி, அடுத்த பட்டியலிலிருந்து கருவியை எச்சரிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். விரல் மரப்பைக் குறித்துவைக்கத் தனிக் கட்டம் ஒன்றை எங்கள் மயக்கவியல் தாளில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.